ஹட்ரிக்: சொல்லின் பொருளும் தோற்றமும்

மாணவர்களே! "ஹட்ரிக் என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால் கையை உயர்த்தாதவர் எவருமில்லை. ஆனால் எழுதச் சொன்னால் பலரும் "ஒரு பந்துவீச்சாளர் 3 விக்கெட்டுகளை வீழ்த்துதல்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகின்றனர். இது அரைகுறை விடை. ஒரு போட்டியில் 3 விக்கெட் எடுப்பது வாரந்தோறும் நடப்பது. ஹட்ரிக் அப்படியன்று. பின்வருமாறு எழுதிப் பழகுங்கள்:

துடுப்பாட்டப் போட்டியொன்றில் ஒரு பந்துவீச்சாளர் தாம் வீசும் அடுத்தடுத்த 3 பந்துகளில் 3 துடுப்பாட்ட வீரர்களை ஆட்டமிழக்கச் செய்தல் ஹட்ரிக் எனப்படும்.

இதில் "அடுத்தடுத்த" என்ற சொல்லும் "தாம் வீசும்" என்ற தொடரும்தான் விடையின் உயிர். மூன்றும் ஒரே ஓவருக்குள் நிகழ வேண்டும் எனப் பலர் நினைக்கின்றனர். அது தவறு. 2007 உலகக் கிண்ணத்தில் கயானாவில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக லசித் மாலிங்க செய்ததைப் பாருங்கள். ஓர் ஓவரின் கடைசி 2 பந்துகளில் பொல்லொக்கும் ஹோலும் வீழ்ந்தனர். இடையில் மறுமுனையில் வேறொருவர் ஓர் ஓவர் வீசினார். பின்பு மாலிங்க தமது அடுத்த ஓவரின் முதற்பந்தில் கலிஸையும் இரண்டாம் பந்தில் என்டினியையும் வீழ்த்தினார். ஹட்ரிக்கையும் தாண்டி, 4 பந்துகளில் 4 விக்கெட்! (அப்படியிருந்தும் தென்னாபிரிக்கா ஒரு விக்கெட்டினால் வென்றுவிட்டது. ஹட்ரிக் வேறு, வெற்றி வேறு.)

ஒரே இன்னிங்ஸில் நிகழ வேண்டும் என்பதும் இல்லை. 1988இல் பேர்த் நகரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் அவுஸ்திரேலியாவின் மேர்வ் ஹியூஸ் ஓர் ஓவரின் கடைசிப் பந்திலும், அடுத்த ஓவரின் முதற்பந்திலும், பின்னர் இரண்டாவது இன்னிங்ஸில் தாம் வீசிய முதற்பந்திலும் விக்கெட் எடுத்தார். மூன்று ஓவர்கள், இரண்டு இன்னிங்ஸ்கள், ஒரு ஹட்ரிக். ஆனால் ரன் அவுட் மூலம் ஒருவர் ஆட்டமிழந்தால் அது பந்துவீச்சாளரின் கணக்கில் சேராது என்பதை மறக்க வேண்டாம்.

இனிச் சொல்லின் தோற்றத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் "ஹட்" என்பது தொப்பி. "ட்ரிக்" என்பது வித்தை. இங்கு "ட்ரிக்" என்பதை ஏமாற்று என்று பொருள்கொண்டு "தொப்பித் தந்திரம்" என எழுதுவோரும் உளர். அது பொருந்தாது. திறமையாகச் செய்து முடிக்கும் செயல் என்பதே இங்குள்ள பொருள்.

தொப்பி எப்படி வந்தது? 1858ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலுள்ள ஹைட் பார்க் மைதானத்தில் ஒரு போட்டி நடைபெற்றது. அக்காலத்தில் பலம்மிக்க அணியின் 11 பேரை எதிர்த்து உள்ளூர் அணியில் 22 பேர் ஆடுவதும் வழக்கம். அப்படியான அப்போட்டியில் அனைத்து இங்கிலாந்து அணிக்காக விளையாடிய எச்.எச். ஸ்டீபன்சன் அடுத்தடுத்த 3 பந்துகளில் 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரைப் பாராட்டப் பணம் சேர்க்கப்பட்டு, அப்பணத்தில் ஒரு தொப்பி வாங்கிப் பரிசளிக்கப்பட்டது. இவரே 1861இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற முதலாவது ஆங்கிலேய அணியின் தலைவருமாவார். பரிசுத் தொப்பியிலிருந்து பிறந்த சொல் பின்பு சாதனைக்கே பெயராயிற்று.

டெஸ்ட் போட்டிகளில் முதல் ஹட்ரிக் 1879 ஜனவரியில் மெல்பேர்ணில் இங்கிலாந்துக்கு எதிராக அவுஸ்திரேலியாவின் ஸ்பொபோர்த் பெற்றது. இலங்கைக்கு அப்பெருமையை முதலில் தேடித் தந்தவர் நுவன் சொய்சா. 1999 நவம்பரில் ஹராரேயில் சிம்பாப்வேக்கு எதிராக, அப்போட்டியில் தாம் வீசிய முதல் 3 பந்துகளிலேயே 3 விக்கெட்! 2003 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு எதிராகச் சமிந்த வாஸ் இதையும் விஞ்சினார். அவர் விக்கெட் எடுத்தது போட்டியின் முதல் 3 பந்துகளில். ஐந்தாம் பந்தில் நான்காமவரும் வெளியேறினார். 2016இல் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ரங்கன ஹேரத் பெற்றது டெஸ்டில் இலங்கையின் இரண்டாவது ஹட்ரிக் ஆகும்.

உதைபந்தாட்டத்தில் இச்சொல்லின் பொருள் சற்று மாறுகிறது. ஒரு வீரர் ஒரே போட்டியில் 3 கோல்கள் போட்டால் போதும். அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. இடையில் வேறு வீரர்கள் கோல் போடலாம். 1966 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ஜெப் ஹேர்ஸ்ட்டும், 2022 இறுதிப் போட்டியில் பிரான்ஸின் எம்பாப்பேயும் இவ்வாறு 3 கோல்கள் போட்டனர். சமநிலையில் முடிந்த போட்டியின் வெற்றியைத் தீர்மானிக்க இறுதியில் அடிக்கப்படும் தண்ட உதைகள் இக்கணக்கில் சேரா. பனி ஹொக்கியிலோ, ஒருவர் மூன்றாவது கோலைப் போட்டதும் இரசிகர்கள் தம் தொப்பிகளைக் கழற்றி ஆடுகளத்தில் வீசுவர். தொப்பி பழைய இடத்துக்கே திரும்பியது போல!

பத்திரிகைகளில் "ஹட்ரிக் வெற்றி", "ஹட்ரிக் சம்பியன்" என்றும் காண்பீர்கள். தொடர்ந்து மூன்று முறை வெற்றி என்பதே அங்கு பொருள். ஹெட்ரிக், ஹாட்ரிக் எனப் பலவாறு எழுதப்பட்டாலும் உங்கள் விடையில் ஒரே எழுத்து முறையைக் கையாளுங்கள்.

பயிற்சி: ஒரு பந்துவீச்சாளர் தமது நான்காவது ஓவரின் கடைசிப் பந்தில் ஒருவரைப் பிடி மூலம் ஆட்டமிழக்கச் செய்கிறார். தமது ஐந்தாவது ஓவரின் முதற்பந்தில் ஒருவர் ரன் அவுட் ஆகிறார். இரண்டாம் பந்தில் அவர் இன்னொருவரின் விக்கெட்டை வீழ்த்துகிறார். இது ஹட்ரிக் ஆகுமா? காரணத்துடன் விடை எழுதுக.