கர்ப்பப்பை எடுத்த பிறகு தாம்பத்தியம்

"கர்ப்பப்பையைக் கழட்டினா பொம்புள வெறுங்கூடு." கட்டியும் பெரும்பாடுமாகக் கிடந்து, ஆபரேஷன் முடிந்து எங்கள் ஊரான மருதமுனைக்கு வந்த என் காதில் ஒரு மாமி இதைத்தான் ஓதிவிட்டுப் போனார். எனக்கு நடந்தது நேர்மாறு. மாதத்தில் பாதிநாள் உதிரம் போன காலத்தில்தான் என் புருஷன் பக்கத்தில் வந்தாலே நோவு ஞாபகம் வரும். சனம் நம்பாது என்பதால் கணக்கும் சொல்கிறேன்: அமெரிக்காவின் மேரிலாண்டில் கர்ப்பப்பை எடுத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை இரண்டு வருடம் தொடர்ந்து விசாரித்து 1999இல் வந்த ஆய்வில், உறவின்போது அடிக்கடி வலி கண்டவர்கள் 100க்கு ஏறக்குறைய 19 பேரிலிருந்து 4 பேராகக் குறைந்திருந்தார்கள்.

என் ராத்தாவின் கதை வேறு. கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்தார்கள். ஹார்மோன் சட்டென்று நின்றுபோக, ஃபேனுக்குக் கீழேயும் வேர்த்தது. உறவென்றால் எரிவு, ஆசையும் அடங்கிப்போனது. எனக்குச் சூலகங்களை விட்டுவைத்ததால் அந்தக் கரைச்சல் வரவில்லை. ஆகவே கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்: சூலகத்தையும் எடுக்கிறீர்களா, ஏன்? பிறகு தரும் டயக்னோசிஸ் கார்டில் 'பீ.எஸ்.ஓ.' என்றிருந்தால் இரண்டும் போய்விட்டன. அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் மருந்து தனக்கு ஒத்துவருமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. வறட்சிக்கு உள்ளே பூசும் கிரீமும், சும்மா வழுக்கலுக்கான ஜெலியும் இருக்கின்றன. ஃபார்மசியில் கேட்க வெட்கமென்றால் புருஷனை அனுப்புங்கள், அவருக்கும்தானே தேவை.

உள்தையல் ஆற ஆறு கிழமையாவது வேண்டும். அதுவரை உறவில்லை, தறி மிதிப்பதில்லை, குடம் தூக்குவதில்லை. இவரோ அதற்குப் பிறகும் ஹோலில்தான் பாய் போட்டார். "தையல் பிஞ்சிருமோ?" என்ற பயம். கிளினிக் நாளன்று உள்ளே கூட்டிப்போனேன். லேடி டொக்டர் என்னைச் சோதித்துவிட்டு, "காயம் ஆறிட்டு, பயப்படாதீங்க" என்று அவரைப் பார்த்தே சொன்னார். மனிசன் தொப்பியைக் கழற்றினார், மடித்தார், திரும்ப விரித்தார், வாயே திறக்கவில்லை. அன்றிரவு பாய் அறைக்குள் வந்தது.

முதல் தடவைகளில் அவசரம் வேண்டாம். இரத்தமோ கெட்ட வாடையோ, விடாத வலியோ இருந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். உச்சத்தில் அடிவயிறு இறுகும் உணர்வு சிலருக்குக் கொஞ்சம் மாறலாம். ஆனால் சுகத்தை அதிகம் அறியும் இடம் வெளியே இருக்கிறது, இந்த ஆபரேஷனில் அதைத் தொடுவதில்லை.

மாதத்தீட்டு இல்லாததால் எனக்கு இப்போது அதற்காக விட்டுப் பிறகு நோற்க வேண்டிய களா நோன்பு பாக்கி விழுவதில்லை. "அப்ப குளிப்பும் கடமையில்லதானே?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். புருஷனோடு சேர்ந்தால் அது எப்போதும்போல் கடமைதான்.