இடி மழையில் கம்ப்யூட்டருக்குக் காவல்

ஐப்பசி, கார்த்திகையில் நெல்லைப் பக்கம் மாலை இடி வழக்கம். இடி தொலைவில் கேட்கும்போதே கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மோடத்துக்கு வரும் செம்புக் கேபிளையும் கழற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பக்கத்தில் விழும் இடியை எந்த ஸ்பைக் கார்டும் முழுதாகத் தடுக்காது.

கரண்ட் போனாலும் பிளக்கைக் கழற்றுங்கள். அது திரும்பி வரும் நொடியில்தான் ஆபத்து அதிகம். வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகலாம்.

ஸ்பைக் கார்டு என்று விற்பவற்றில் சில வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். வாங்கும்போது ஜூல் அளவு அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டு எர்த் சரியில்லை என்றால் நல்ல ஸ்பைக் கார்டும் பாதி வேலைதான் செய்யும். எலெக்ட்ரீஷியனை அழைத்து மழைக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

விளக்குகள் திடீரென்று அதிகப் பிரகாசமாக எரிகின்றனவா? நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிடும். உடனே மெயினை அணைத்து, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள்.

600 விஏ யுபிஎஸ் என்பது வேலையைச் சேமித்து அணைப்பதற்கு மட்டுமே. லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி நெல்லை சந்திப்பு வரை புகுந்தது. ஆற்றோர வீடுகளில் சிபியு, யுபிஎஸ் இரண்டையும் தரையில் வைக்க வேண்டாம். நனைந்த கருவியை 'ஒரு தடவை பார்ப்போம்' என்று போட்டுப் பார்க்காதீர்கள். அப்படியே மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ், குடும்பப் படங்கள் ஆகியவற்றின் பிரதி வெளியூர் உறவினர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.