பேஷன்ஸ் என்ற பசு

கேள்வி: பிரிட்டனின் சாலைப் பலகைகளை வடிவமைத்தது யார்? எத்தனை கமிட்டிகள் கூடின, எப்போது அமலுக்கு வந்தன என்று விவரமாக எழுதுங்களேன்.
– வாசகர், ஈரோடு

பதில்: கமிட்டிகள் இரண்டு. ஆண்டர்சன் தலைமையில் ஒன்று, வோர்பாய்ஸ் தலைமையில் ஒன்று. அமலுக்கு வந்தது 1965 ஜனவரி 1. கமிட்டிகளுக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்க மனம் வரவில்லை, பசு காத்திருக்கிறது.

பிரிட்டனின் கிராமப்புறச் சாலைகளில் சிவப்பு முக்கோணத்துக்குள் கறுப்பாக ஒரு பசு நிற்கும். கால்நடை வரும், பார்த்துப் போ என்று பொருள். வார்விக்‌ஷயரில் உறவினர் பண்ணையில் இருந்த பேஷன்ஸ் என்ற பசுவைப் பார்த்து மார்கரெட் கால்வர்ட் அதை வரைந்தார். பள்ளிக்கூடம் அருகில் வைக்கும் பலகைக்கும் ஒரு கதை உண்டு. பழைய பலகையில் தொப்பி போட்ட பையன் முன்னால் போவான், சிறுமி பின்னால் போவாள். கால்வர்ட் அதைத் திருப்பிப் போட்டார். அக்கா முன்னால் நடந்து தம்பியைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறாள். அந்த அக்கா, சிறுவயதுப் புகைப்படத்தில் இருந்த கால்வர்ட்டேதான்! சாலைப் பணி நடக்கிறது என்று சொல்லும் பலகையில் ஒருவர் மண்ணை அள்ளிக்கொண்டிருப்பார். பிரிட்டிஷ்காரர்கள் கண்ணுக்கு அவர் இன்றுவரை விரியாத குடையோடு மல்லுக்கட்டுகிறார்.

கால்வர்ட் 1936இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். செல்சி ஓவியப் பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜாக் கின்னியருக்கு காட்விக் விமான நிலையப் பலகைகளைச் செய்யும் வேலை வந்தது. மாணவியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். பிறகு நாட்டின் முதல் மோட்டார்வேக்கான பலகைகளும் இவர்கள் கைக்கே வந்தன. அங்கேதான் சண்டை தொடங்கியது. ஊர்ப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றார் கல்லெழுத்துக் கலைஞர் டேவிட் கிண்டர்ஸ்லி. முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருந்து மற்றவை சிறிய எழுத்தாக இருந்தால், வண்டி ஓட்டுபவருக்குச் சொல்லின் உருவமே தூரத்தில் பிடிபட்டுவிடும் என்றது கின்னியர் தரப்பு. தீர்ப்பு சொல்ல பென்சன் விமானத்தளத்தில் விமானப்படை வீரர்களை வரிசையாக உட்கார வைத்து, காரின் தலையில் பலகையைக் கட்டி அவர்களை நோக்கி ஓட்டினார்கள். கிண்டர்ஸ்லியின் எழுத்து 3 சதவீதம் போலக் கூடுதலாகத் தெரிந்தது. இருந்தும் வென்றது கின்னியர், கால்வர்ட் எழுத்துதான். அளவுகோலுக்கு எட்டாத ஒன்றைக் கண் பார்த்துவிட்டது என்றே சொல்வேன். அறுபது ஆண்டு மழையும் பனியும் பார்த்தபின் யார் கட்சி சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு குறை. நாடு முழுக்க நிற்கும் அந்தப் பலகைகளில் ஒன்றிலாவது ஓர் ஓரமாக கால்வர்ட் பெயரைப் போட்டிருக்கலாம். பேஷன்ஸுக்கும் சேர்த்து.

கேள்வி: லண்டன் பாதாள ரயில் வரைபடம் மின்சுற்றைப் பார்த்துப் போட்டதாமே, உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பது கதையைவிடச் சுவையானது. ஹாரி பெக் பாதாள ரயில் நிறுவனத்தின் சிக்னல் அலுவலகத்தில் வேலை பார்த்த வரைவாளர். 1931இல் பயிற்சி நோட்டுத் தாளில் முதல் வரைவைப் போட்டார். அது இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்ணுக்கு அடியில் போகிறவருக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்பது எதற்கு? அடுத்து எந்த நிலையம், எங்கே வண்டி மாற வேண்டும், இவ்வளவுதானே வேண்டும்? ஆகவே கோடுகளை நேராக்கினார், கிடையாக, செங்குத்தாக, 45 பாகை சாய்வாக. நெருக்கியடிக்கும் நகர மையத்தை விரித்தார், எங்கோ கிடந்த புறநகரை இழுத்து உள்ளே வைத்தார். இது தலைகீழ்ப் புரட்சியாக இருக்கிறதே என்று விளம்பரத் துறை திருப்பி அனுப்பியது. அவர் விடவில்லை. 1933 ஜனவரியில் 7.5 லட்சம் மடிப்பு வரைபடங்கள் அச்சாகின. மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

மின்சுற்று அதற்குப் பிறகு வருகிறது. அதே 1933இல் ஊழியர் இதழுக்காக பெக்கே ஒரு வேடிக்கைப் படம் போட்டார், வரைபடத்தை மின்சுற்றாக்கி, நிலையங்களுக்கு மின்சாரப் பெயர் சூட்டி. உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்ததை அவரே எடுத்துச் சிரித்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பகடியை அப்பனாக்கி, வரைபடத்தை அதன் பிள்ளையாக்கிவிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் மனத்தை வருத்துகிறது. 1960இல் வந்த வரைபடத்தில் பெக் பெயர் இல்லை. விளம்பர அதிகாரி ஹரோல்ட் ஹட்சிசன் தன் பெயரில் ஒன்று போட்டிருந்தார், மூலைகள் எல்லாம் முறுக்கிய கம்பிபோல. பெக் ஆண்டுக்கணக்கில் போராடினார், பயனில்லை. ஹட்சிசன் படம் 1964இலேயே கழற்றப்பட்டது. 1974இல் பெக் இறந்தார். இன்று ஒவ்வொரு வரைபடத்தின் கீழும், ஹாரி பெக் 1931இல் உருவாக்கிய வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது இது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு எத்தனை காலம்! பெயர் போடுவதற்கு ஆகும் மை எவ்வளவு என்று அச்சகத்தாரைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: லண்டன் டெலிபோன் பெட்டி ஏன் சிவப்பு?
– வாசகர், காரைக்குடி

பதில்: வடிவமைத்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வெள்ளி நிறம் கேட்டார், அஞ்சல் துறை சிவப்பு அடித்தது. இந்த ஒரு விஷயத்தில் அரசு அலுவலகத்துக்குத்தான் என் வாக்கு. இவருடைய தாத்தா ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கடிகாரக் கோபுரத்தை வரைந்தவர், அதுவும் இந்தியாவில் கால் வைக்காமலே. அடுத்த முறை மும்பை போனால் அண்ணாந்து பாருங்கள். தாத்தாவுக்கு வானளாவக் கட்டும் ஆசை, பேரன் ஒருவர் மட்டும் நிற்கும் பெட்டியால் உலகப் பெயர் வாங்கினார். லிவர்பூல் பேராலயமும் பேரன் வேலைதான். 22 வயதில் போட்டியில் வென்று பெற்ற வேலை.

கேள்வி: விஸ்டன் கிரிக்கெட் ஆண்டுமலர் அட்டையில் உயரத் தொப்பியோடு ஆடுகிறார்களே, அது எந்த மேட்ச்?
– வாசகர், திருச்சி

பதில்: எந்த மேட்சும் அல்ல. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம் அது. 1938 இதழிலிருந்து வருகிறது. செதுக்கியவர் எரிக் ரவிலியஸ். ஸ்கோர் பார்க்க விஸ்டனைப் புரட்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்று பந்தயம் கட்டுவேன்.

வெட்ஜ்வுட் நிறுவனத்துக்கு அவர் செய்த முடிசூட்டு விழாக் கோப்பையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எட்டாம் எட்வர்டுக்காக வாணவேடிக்கையோடு ஒரு கோப்பை வரைந்தார். 1936 டிசம்பரில் மன்னர் காதலுக்காக முடியைத் துறந்துவிட்டார். கோப்பை வீணாகவில்லை. எழுத்தை மாற்றி ஆறாம் ஜார்ஜுக்கு வைத்தார்கள். 1953இல் எலிசபெத்துக்கும் அதுவே வந்தது. மூன்று முடிக்கு ஒரு வாணவேடிக்கை! ஆனால் 1953ஐப் பார்க்க ரவிலியஸ் இல்லை. போர்க்கால ஓவியராக ஐஸ்லாந்து போனவர், 1942 செப்டம்பர் 2 அன்று காணாமற்போன விமானத்தைத் தேடப் போன விமானத்தில் ஏறினார். அதுவும் திரும்பவில்லை. வயது 39.

இவர் படங்களை மக்கள் இன்றும் ஏன் தேடிப் போகிறார்கள் என்றால், கோப்பைக்கு ஒரு கை, கண்காட்சிக்கு ஒரு கை என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. நீர்வண்ணத்தைச் சற்றே உலர்ந்த தூரிகையால் இழுத்து, இடையிடையே தாளின் வெண்மையைத் தெரியவிடுவார். மரக்கட்டையில் கோடு கீறிப் பழகிய கை அது. அதனால்தான் சஸெக்ஸ் குன்றுகளின் மேல் அவ்வளவு வெளிச்சம்.

கேள்வி: போன இதழில் ரவிலியஸின் மனைவியும் ஓவியர் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இருவரும் படம் வரைந்தால் வீட்டில் யார் சமைப்பது?
– வாசகி, மதுரை

பதில்: நல்ல கேள்வி, சிரிக்க மாட்டேன். டிர்ஸா கார்வுட் மரச்செதுக்கில் ரவிலியஸின் மாணவி. மணமான பிறகு அவருடைய மரச்செதுக்கு வேலை ஏறக்குறைய நின்றுபோனது. 3 குழந்தைகள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் நீர்மேல் வண்ணம் மிதக்கவிட்டுத் தாளில் ஏற்றும் அலங்காரக் காகிதங்களை வீட்டிலேயே செய்து விற்றார். 1942இல் மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் படுக்கையிலிருந்தபடியே தன் வரலாற்றை எழுதினார். கணவர் இறந்தபின் எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார். 1951இல் 42 வயதில் மறைந்தார். லண்டனின் டல்விச் ஓவியக்கூடம் அவருக்கென்று பெரிய கண்காட்சி வைத்தது 2024இல்.

ரவிலியஸின் புகழ்பெற்ற ரயில் படம் ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் யாரும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே குன்றில் வெள்ளைக் குதிரை. ஒழுங்காக வராத இரண்டு படங்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கியது அது. கத்தரித்து ஒட்டியவர் டிர்ஸா. அந்தப் படத்தை அட்டையில் போடும்போது இரண்டு பெயரையும் போடுங்கள்.