விளையாட்டு எப்போது விலங்காகிறது?

மார்க்கம் விளையாட்டைத் தடுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அதை அன்னையவர்கள் கண்டு மகிழும்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே, பிள்ளை சிறிது நேரம் வீடியோ கேம் ஆடினான் என்பதற்காகவே அவனைப் பாவியென ஏசுவது முறையன்று. ஆனால், பிள்ளை விளையாட்டை ஆள்வது போய், விளையாட்டே பிள்ளையை ஆளும் நிலை வந்துவிட்டால், அதைக் காணாதது போல் இருப்பதும் முறையன்று. இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள எல்லையை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மருத்துவர்கள் கூறும் அடையாளங்கள்

உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தி வெளியிடும் பட்டியலின் பதினோராவது பதிப்பு, 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டுக்கடங்காத வீடியோ கேம் பழக்கம் அதில் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்படுகின்றன.

1. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதில் தன் கட்டுப்பாட்டை இழந்துவிடுதல்.

2. உணவு, உறக்கம், படிப்பு, தொழில், உறவு ஆகிய அனைத்தையும் பின்னுக்குத் தள்ளி, விளையாட்டே முதலிடம் பெறுதல்.

3. அதனால் கேடு விளைவதைக் கண்ட பின்னரும் தொடர்ந்து ஆடுதல், அல்லது முன்னைவிட அதிகமாக ஆடுதல்.

இந்நிலை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து, குடும்பத்தையோ கல்வியையோ தொழிலையோ வெகுவாகப் பாதித்திருந்தால்தான் மருத்துவர் அதைக் கோளாறு என்பார். மிகக் கடுமையாக இருந்தால் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

இம்மூன்றில் மணிக்கணக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு, உம்மா அழைத்ததும் எழுந்து வருபவன் நோயாளியல்லன். ஒரு மணி நேரமே ஆடினாலும், நிறுத்தச் சொன்னால் வெறிகொண்டு சாமான்களை உடைப்பவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே, எவ்வளவு நேரம் ஆடினான் என்பதைவிட, அவனால் நிறுத்த முடிகிறதா என்பதே முதன்மையான கேள்வி.

வக்து ஓர் அளவுகோல்

நிறுத்த முடிகிறதா என்பதைச் சோதிக்க நம் வீடுகளில் அன்றாடம் ஐந்து வேளை இருக்கிறது. பாங்கின் ஓசை கேட்டதும் வியாபாரி தராசைக் கீழே வைக்கிறார். படிப்பவர் புத்தகத்தை மூடுகிறார். கேம் ஆடுபவனாலும் அவ்வாறு கீழே வைக்க முடிகிறதா?

இங்கே ஒரு நியாயத்தையும் பார்க்க வேண்டும். பலர் சேர்ந்து ஆடும் சில ஆட்டங்கள் அரை மணி நேரம் வரை நீளும். நடுவில் எழுந்தால் கூட்டாளிகள் தோற்றுவிடுவார்கள். எனவே, "இந்த ஆட்டம் முடியட்டும் வாப்பா" என்று ஒருநாள் சொன்னவுடன் அவனை அடிமையென முடிவு கட்டிவிடாதீர்கள். "வக்துக்கு முன் அரை மணிக்குள் புதிய ஆட்டம் தொடங்காதே" என்று சொல்லிப் பாருங்கள். அதன்படி நடந்தால், அது பழக்கக் குறைதான், திருத்திவிடலாம். ஒப்புக்கொண்டும் நாள்தோறும் மீறுகிறான், அஸர் களாவாகிறது, இரவெல்லாம் விழித்து ஃபஜ்ரு தவறுகிறது, தொழுதாலும் ருகூஃவும் சுஜூதும் ஓட்டமாக ஓடுகின்றன என்றால், எச்சரிக்கையாக வேண்டும்.

தொழுகையில் அலட்சியம் காட்டும் எல்லோரும் விளையாட்டுக்கு அடிமையானவர்கள் அல்லர். ஆகவே மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்: ஆடிய நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லுதல், போர்வைக்குள் மறைத்து ஆடுதல், பெற்றோரின் பணத்தை அனுமதியின்றி எடுத்துக் கேமில் செலவிடுதல், விட்டுவிட முயன்று மீண்டும் மீண்டும் தோற்றல்.

ஏன் விட முடிவதில்லை?

பிள்ளையின் மனவுறுதிக் குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று. ஒருநாள் வராவிட்டால் பரிசு போய்விடும் என்றும், இன்னும் ஒரு படி ஏறினால் பட்டம் கிடைக்கும் என்றும் ஆசை காட்டும் வகையில் பல கேம்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே காசு கொடுத்துப் பெட்டி திறக்க வேண்டும். இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு மாறானவை என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018இல் முடிவு செய்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சூது நமக்கு ஹராம் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை ஆடும் கேமில் காசு எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது கடமை.

செய்ய வேண்டியவை

கைபேசியைப் பிடுங்கி உடைப்பதால் பழக்கம் உடையாது. முதலில் பிள்ளையின் அருகில் அமர்ந்து பேசுங்கள். பரீட்சை பயமா, பள்ளியில் கேலியா, வீட்டில் ஓயாத சண்டையா? துன்பத்திலிருந்து ஒளிந்துகொள்ளவும் சிலர் கேமை நாடுகின்றனர். அந்தத் துன்பத்தை நீக்காமல் கேமை மட்டும் நீக்கினால் பயன் நிலைக்காது.

ஒரு வாரத்திற்கு, ஆட நினைத்த நேரத்தையும் உண்மையில் ஆடிய நேரத்தையும் அவனையே எழுதச் சொல்லுங்கள். நாம் சொல்லும் நூறு வார்த்தைகளைவிட அவன் கையெழுத்து அவனுக்கு உண்மையைச் சொல்லும். இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். வாப்பாவின் கைபேசியும் அங்கேதான் இருக்க வேண்டும். மாலையில் மைதானமும், உறவினர் வீடும், உடன் அமர்ந்து உண்ணும் சாப்பாடும் கேமின் இடத்தை நிரப்பட்டும்.

இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் தனித்தனி உரிமை உண்டென ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அது சரியே என நபியவர்கள் ஏற்றார்கள். வணக்கத்திலேயே பிற உரிமைகளைப் பேணச் சொன்ன மார்க்கம், விளையாட்டு அவற்றை விழுங்க விடுமா?

இவ்வளவு செய்தும் மாற்றமில்லையெனில் மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். "ஈமான் குறைவு" என்று சொல்லி வீட்டுக்குள் மூடி வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபியவர்களே. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு உள்ளது.

பெற்றோர்களே! பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களது நேரமும் அமானிதமே. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் விளையாட்டை விளையாட்டாகவே வைத்து, நம்மையும் நம் மக்களையும் தொழுகையைப் பேணுபவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.