வாடிக்கையும் வேலையாளும் நிலைக்க

உழவர் பெருமக்கள் விளைச்சலைப் பெருக்கும் முறைகளை நன்கு அறிந்து வருகிறார்கள். ஆயினும் விளைந்த பிறகு இரண்டு இடங்களில் வருமானம் கையை விட்டுப் போகிறது. ஒரு முறை வாங்கியவர் மறுமுறை நம் கூடைப் பக்கம் வராமல் போவது ஒன்று. அறுவடை நாளில் ஆள் வராமல் போவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உரமோ மருந்தோ உதவாது. நாம் நடந்துகொள்ளும் முறைதான் உதவும்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அடி அண்ணாமலை, ஆடையூர் முதலான சுற்றுப்புற ஊர்களின் சிறு விவசாயிகளுக்குச் சந்தை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் திரள்கிறார்கள். கார்த்திகைத் தீபத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் பெரிதாக இருப்பதால், "இன்று வந்தவர் நாளை வரப்போகிறாரா?" என்ற எண்ணம் சிலரிடம் ஏற்பட்டுவிடுகிறது. இது தவறான கணக்காகும். கிரிவலம் வருபவர்களில் பலர் மாதம் தவறாமல் வருபவர்கள். அப்பகுதியிலேயே குடியிருப்போர் ஆண்டு முழுவதும் காய் வாங்குகிறார்கள்.

கத்தரிக்காய் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவையில் 100 கிராம் குறைத்தால் கிடைக்கும் ஆதாயம் 4 ரூபாய். வீட்டுக்குப் போய் மறுபடி நிறுத்துப் பார்க்கும் இல்லத்தரசி, நாளொன்றுக்கு 30 ரூபாய்க்குக் காய் வாங்குபவராக இருந்தால், அவர் மூலம் ஓராண்டில் வரக்கூடிய விற்பனை 10,950 ரூபாய். 4 ரூபாய்க்காக இதை விடலாமா? அவர் பக்கத்து வீட்டிலும் சொல்வார் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

கூடையில் செய்ய வேண்டியவை

காய்களை அதிகாலையில் வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைக்க வேண்டும். வெண்டையை ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தால்தான் பிஞ்சாகக் கிடைக்கும். நுனியை ஒடித்துப் பார்க்கும் அம்மாவிடம் கோபித்துப் பயனில்லை. முற்றிய காயைக் கொண்டுவந்தது நாம்தான். கத்தரியைப் பளபளப்பு மங்குமுன் காம்புடன் பறித்தல் நலம். கீரைக் கட்டுகளை ஈரக் கோணியால் மூடி வைக்கலாம்.

பிறகு தரம் பிரித்தல். நல்ல காயை மேலே பரப்பிச் சொத்தைக் காயை அடியில் வைப்பது பழைய வழக்கம். இதைவிட விற்பனைக்குக் கேடு வேறில்லை. பெரியது, சிறியது, புழு துளைத்தது என மூன்றாகப் பிரித்து, மூன்றாவதை மாட்டுக்குப் போட்டுவிட்டு, முதல் இரண்டுக்கும் தனித்தனி விலை சொல்லவும். சிறிய காயை விரும்பி வாங்குபவரும் இருக்கிறார்கள். எண்ணெய்க் கத்தரிக்கு அதுதானே வேண்டும்?

பூச்சி மருந்து தெளித்த காயைக் காத்திருப்பு நாட்கள் முடியுமுன் பறிக்கக் கூடாது. அந்த நாட்கள் எத்தனை என்பது மருந்துக்கு மருந்து மாறும். புட்டியின் மேல் ஒட்டியுள்ள தாளில் பார்த்துக்கொள்ளவும். வாங்குபவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாத குறை இது ஒன்றுதான். அதனாலேயே நம் பொறுப்பு இதில் கூடுகிறது.

குறை சொல்லி வருபவரை விரோதியாக நினைக்க வேண்டாம். நேற்று வாங்கிய தக்காளி அழுகிவிட்டது என்றால், வாதாடாமல் மாற்றுக் காய் கொடுத்துவிடவும். சொல்லாமல் வேறு கூடைக்குப் போகிறவரால்தான் நட்டம். பாலும் அப்படியே. திரிந்த பாலைப் பற்றிச் சொல்பவர், நம் பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்ற செய்தியைச் செலவில்லாமல் கொண்டுவருகிறார்.

வேலை வாங்குவோர் கவனத்துக்கு

பத்து ஆட்களை வைத்து வேலை வாங்குவதற்கும் ஒரு வகைத் தலைமை வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷியை ஞானியாகவே நாம் அறிவோம். ஆசிரமம் வளர்ந்துவந்த ஆண்டுகளில் விடியுமுன்பே எழுந்து சமையற்கட்டில் மற்றவர்களுடன் அமர்ந்து அவர் காய் நறுக்கினார். கீழே சிந்திய தானியத்தையும் பொறுக்கி எடுத்தார். பிறர் தூக்கி எறியும் தண்டும் தோலும்கூடச் சமையலுக்கு ஆகும் என்று காட்டினார். பந்தியில் தமக்கு மட்டும் கூடுதலாகவோ சிறப்பாகவோ பரிமாறினால் ஏற்கமாட்டார்; எல்லோருக்கும் உள்ளதே தமக்கும் என்பது அவர் கொள்கை. வீணாக்காதே என்று ஒருவர் நூறு முறை சொல்வதைக் காட்டிலும், அவரே குனிந்து ஒரு மணியைப் பொறுக்கினால் சுற்றியிருப்போர் கை தானே அடங்கும் அல்லவா?

இதையே பெரிய அளவில் குஜராத்தில் காண்கிறோம். 1946-ல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் அமுல் என்று பெயர் பெற்றது அதுவே. அங்கு ஊர்ச் சங்கத்தில் பால் ஊற்ற வருபவர் எந்தச் சாதியாயினும், நிலமுள்ளவராயினும் இல்லாதவராயினும், ஒரே வரிசைதான். கொழுப்புச் சத்தைச் சோதித்துப் பாலின் தரத்துக்கே விலை கொடுத்தார்கள். அளவையும் விலையும் எல்லோருக்கும் ஒன்று என்று கண்ணால் கண்டதால் மக்கள் சங்கத்தை நம்பினார்கள். நம் ஊர்ப் பால் சங்கங்களில் பொறுப்பில் இருப்போர், தம் வீட்டுக் குவளைக்கு முன்வரிசை கேட்காதிருத்தல் வேண்டும்.

நிலக்கடலை பிடுங்கும் பருவத்தில் இதன் பயன் நன்கு தெரியும். எல்லோர் வயலும் ஒரே நேரத்தில் முற்றுகிறது, ஆட்களோ கொஞ்சம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே பிடுங்காவிட்டால் காய் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். கொத்து வகைகளில் விதை உறக்கம் இல்லாததால் மழை பெய்தால் முளைத்தும் விடும். அந்த நாளில் ஆட்கள் எந்த வயலுக்குப் போவார்கள்? மரநிழலில் குடிநீர் வைத்து, கூலியைப் பொழுது சாயுமுன் கணக்குத் தீர்த்து, பெண்களைப் பெயரோ முறையோ சொல்லி மரியாதையாக அழைக்கும் வயலுக்கே முதலில் போவார்கள். கூலி ஐந்து, பத்து குறைந்தாலும் இந்த வரிசை அவ்வளவாக மாறுவதில்லை. காய் ஆய்வதற்குப் படிக் கணக்கில் கூலி பேசினால், படியைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடவும். மாலையில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவையே.

ஆய்ந்த காயைக் குவித்து வைக்காமல், குலுக்கினால் பருப்பு சலசலக்கும் வரை காய வைக்கவும். ஈரக்காயில் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். அது மனிதருக்கும் கால்நடைக்கும் ஈரலைக் கெடுக்கும். எடை கூடும் என்று ஈரத்தோடு மூட்டை கட்டினால் அடுத்த ஆண்டு வியாபாரி நம் மூட்டையை மட்டும் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பார்.

நேரடியாக விற்க விரும்புவோருக்கு உழவர் சந்தை ஏற்றது. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் சந்தை தொடங்கப்பட்டது. இங்கு இடைத்தரகர் இல்லை. விலை பலகையில் எழுதப்படுகிறது. அடையாள அட்டை பெறுவதற்கு, என்ன பயிர் எவ்வளவு பரப்பில் உள்ளது என்ற விவரத்துடன் சந்தை நிர்வாக அலுவலரை அணுகவும்.