கடைசிப் பள்ளத்தை விட்டுவையுங்கள்

கண்மாய் வற்றி, மடையடிப் பள்ளத்தில் மட்டும் முழங்காலளவு தண்ணீர் நிற்கிற ஊர்களுக்கு இப்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்தப் பள்ளத்தை இறைக்காதீர்கள், வலைபோட்டு வழிக்காதீர்கள்.

புதுக்கோட்டைக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. 2016-ல் அந்த மழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அப்படியோர் ஆண்டில் நாட்டு மீனுக்கு இந்தப் பள்ளம்தான் விதைக்கோட்டை.

மீன்பாசி குத்தகைக்காரர்கள் கட்லா, ரோகு, மிர்காலை இப்போதே பிடித்து விற்றுவிடலாம். வெயில் முற்றினால் அவை தாங்கப்போவதில்லை. குஞ்சு மறுபடி பண்ணையில் கிடைக்கும். கெண்டையையும் உளுவையையும் யார் வாங்கி விடப்போகிறார்கள்? விராலும் குறவையும் மேலே வந்து காற்றை விழுங்கிக் கொஞ்சம் சமாளிக்கும், கெண்டையாலும் உளுவையாலும் அது முடியாது. பசலிக் கணக்கில் எடுத்த குத்தகை ஜூன் 30-ல் முடிகிறது என்பதால் கடைசி மீன்வரை வழித்தெடுக்கத் தோன்றும். பள்ளத்தைத் தொடக்கூடாது என்று ஏலம் விடும்போதே பேசிக்கொள்வது நல்லது.

மீன்பிடித் திருவிழா நடக்கட்டும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுமுன் பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். ஊத்தாவும் கச்சாவும் அதற்கு வெளியே இறங்கட்டும். காய்ந்த கருவேலங்கிளைகளைப் பள்ளத்தில் போட்டுவைத்தால் திருட்டு வலை மாட்டிக் கிழியும். பச்சைக்கிளை வேண்டாம், அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். நஞ்சு கலப்பதும் வெடி போடுவதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படியே குற்றம்.

விடியற்காலையில் பள்ளத்தைப் போய்ப் பாருங்கள். ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம் அது. கெண்டைகள் மேலே வந்து வாய் பிளந்தால், தீவனமும் சாணமும் போடுவதை உடனே நிறுத்துங்கள். மாடுகளுக்கு வேறிடத்தில் தண்ணீர் காட்டுங்கள். மோட்டார் இருந்தால் அதே தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து அங்கேயே விழ விடுங்கள்.

மட்டியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நாள்தோறும் லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டும் உயிர் அது. அதன் குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டித்தான் வளர்கின்றன. மீன் அற்றால் மட்டியும் அற்றது. வறட்சியில் ஈரச்சேற்றுக்குள் புதைந்து மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும், அதைத் தோண்டாதீர்கள். காய்ந்த கரையில் கிடப்பதை மட்டும் எடுத்து ஈரச்சேற்றில் வையுங்கள், தானே புதைந்துகொள்ளும். வண்டல் எடுக்கும் ஜேசிபிதான் இப்போது அதற்குப் பெரிய எமன். அனுமதி வாங்கி அள்ளுவோர் காய்ந்து வெடித்த மேட்டுப்பகுதியிலிருந்து தொடங்கட்டும். பள்ளத்தைச் சுற்றியுள்ள ஈரமண்ணை விட்டுவிடட்டும்.

மழைக்கு முன் வரத்துவாரியில் கிடக்கும் குப்பையையும் சாணக்குவியலையும் அகற்றிவிடுங்கள். முதல் வெள்ளம் அதையெல்லாம் பள்ளத்தில் கொண்டுவந்து கொட்டினால், கோடையைத் தாண்டிய மீனும் ஒரே இரவில் செத்து மிதக்கும். புதுத்தண்ணீரை எதிர்த்து வாரியில் ஏறுவது சினைமீன். அந்தச் சில நாட்கள் அங்கே கூடு வைக்காதீர்கள்.