பிஜித் தீவும் நம் தமிழரும்

பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவுகளுக்கும் நம் சென்னைத் துறைமுகத்திற்கும் பழைய உறவு உண்டு.

1874-இல் ஆங்கிலேயர் வசமான அத்தீவுகளில் கரும்புத் தோட்ட வேலைக்காக, 1903 முதல் 1916 வரை இங்கிருந்து கப்பல்களில் ஆட்களை ஏற்றிச் சென்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு உழைத்தனர். அங்கே வாடிய பெண்களை எண்ணியே பாரதியார் மனமுருகிப் பாடினார்.

1920-இல் அவ்வொப்பந்த முறை ஒழிந்தது. தங்கிவிட்டோர் குத்தகை நிலத்தில் பயிரிட்டனர். ஏனெனில் பூர்வகுடிகளின் நிலத்தை விற்கச் சட்டம் இடம் தராது. 1926-இல் தென்னிந்தியர் சங்கம் அமைத்துப் பள்ளிகளும் நடத்தினர்.

10-10-1970-இல் பிஜி விடுதலை பெற்றது. 1987-இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தபின் குடியரசாயிற்று. இந்திய வம்சாவளியினர் பலர் வெளியேறினர். 2013-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு குடிமக்கள் அனைவரையும் ‘பிஜியர்’ என்றே அழைக்கிறது.

பெயரில் கிடைத்த சமத்துவம் வாழ்விலும் நிலைக்கட்டும்!